எல்லையில் பதினோரு சைப்ரஸ்

இச்சிநோசே, ஜூன் 20

கினுயோ அக்காவுக்கு,

மழை பிடித்து இன்றோடு பதின்மூன்று நாள். வீட்டில் நானும் காயாத துணியும்தான் இருக்கிறோம். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. உன் காது எப்படி? போன வாரம் போனில் நான் கத்தியது ஊர்க்கோடி வரைக்கும் கேட்டதாம், உனக்கு மட்டும் கேட்கவில்லை. இனிமேல் தாளிலேயே பேசிக்கொள்வோம்.

ஒரு நல்ல செய்தி. வன உரிமையாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நட்சுமே என்று ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். வயது இருபத்தெட்டு, என் தோளுக்குக்கூட வரமாட்டாள், ஆனால் சரிவில் ஏறினால் நாங்கள் எல்லாரும் பின்னால் மூச்சு வாங்குகிறோம். நம் சரிவில் பத்துப் பேருக்குத் துண்டு துண்டாகக் காடு இருக்கிறதல்லவா? அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சங்கமே பாதை போட்டு, நெருக்கமாக நிற்கும் மரங்களைக் கழித்துக் கொடுக்குமாம். தனியாளாக யாரால் முடியும்? இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கிறவனுக்காக எவன் வந்து பாதை போடுவான்? முப்பத்தைந்து வருஷமாக நான் ஒருத்தனே கொடுவாளோடு கிடந்து மல்லுக்கட்டுகிறேன். இது நடந்தால் அப்பா நட்ட தேவதாருக்கள் நூறு வயசு மரமாக நிற்கும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

எல்லோரும் எல்லைக்கு ஒப்புக்கொண்டு காகிதத்தில் அவரவர் பேர் முத்திரையை வைக்க வேண்டும். கீழ்ப்பாதி என் பேரில், மேல்பாதி உன் பேரில். சங்கத்திலிருந்து உனக்குக் காகிதம் வரும். வந்ததும் மறுபேச்சுப் பேசாமல் முத்திரையை வை.

முரண்டு பிடிப்பது பக்கத்துக் காட்டுக்காரன் குரோகி இவாவோ ஒருத்தன்தான். போன ஞாயிறு ஊர்க்கூடத்தில் கூட்டம். "எல்லையில நிக்கிற பதினோரு சைப்ரசும் எங்கப்பன் நட்டது. அத எழுதிக் குடுத்தா முத்திரை வைக்கிறேன்" என்றான். "உங்கப்பன் நட்டதெல்லாம் எங்கப்பன் மண்டையில மண்வெட்டிப் பிடியைத்தான்டா" என்றேன். தேநீர்க் கோப்பையை எறிந்தான். என் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. நான் கெட்டிலையே எறிந்தேன். நட்சுமே தரையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த கூட்டத்துக்குக் காகிதக் கோப்பைதான்" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். காய்ந்த காளான் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தோகுஜி


ஒசாகா, ஜூலை 8

அன்புள்ள தம்பி தோகுஜிக்கு,

காளான் வந்தது. பெட்டியைத் திறந்ததும் நம் வீட்டு வாசனை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. முழங்கால் தேவலை. காது போனது போனதுதான், தறி ஆலையில் நாற்பது வருஷம் நின்றவளுக்கு அது எங்கே திரும்பும்?

அறுபத்தொரு வயதில் கெட்டில் எறிகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? அப்பாவின் மண்டைத் தழும்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ரத்தம் நிற்காமல் அம்மா அரிசித் தவிடு வைத்துக் கட்டினாள். அப்போது உனக்கு நாலு வயது. பதினோரு மரத்துக்காக ஒரு மண்டை உடைந்தது போதும்.

நான் பதினைந்து வயதில் ஊரைவிட்டு வந்தவள். என் பேரில் இருக்கும் மேல்பாதிக்கும் நீதான் வருஷா வருஷம் களை வெட்டுகிறாய். எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்காது. எனவே எந்தக் காகிதம் வந்தாலும் முத்திரை வைக்கிறேன். முத்திரை டப்பாவைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். உனக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

வெயிலில் தொப்பி போடு.

உன் அக்கா கினுயோ


இச்சிநோசே, ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

நீ அனுப்பிய பனியனும் மாத்திரையும் வந்தன. பனியன் இரண்டு அளவு பெரிது, நான் இன்னும் பழைய தோகுஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மா அப்பா கல்லறையைக் கழுவி, உன் சார்பாகவும் ஊதுபத்தி வைத்தேன். உன் பாதியில் களை வெட்டும்போது காட்டுக் குளவி மூன்று இடத்தில் கொட்டியது. முகம் வீங்கி ஒரு வாரம் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது.

எல்லை அளக்கும் வேலை நடக்கிறது. நட்சுமே கட்டிய டேப்பை இவாவோ கொடுவாளால் வெட்டினான். நான் அவனைப் பிடித்து ஓடையில் தள்ளினேன். எழுந்து வந்து என் வயிற்றில் முட்டினான். இருவரும் புரண்டுகொண்டிருந்தபோது அந்தப் பெண் அளவுகோலால் இரண்டு பேர் முதுகிலும் பளார் பளார் என்று வைத்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி இருபத்தஞ்சு வயசாகுது! நான் ஊருக்குப் போயிடவா?" என்று அழுதாள். இவாவோவே அதற்கப்புறம் டேப்பை ஒட்டிக் கொடுத்தான். முத்திரை மட்டும் வைக்கமாட்டானாம்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு விதவையின் காட்டை எவனோ மொட்டையடித்துவிட்டான். ஆள் இல்லாத நேரம் பார்த்து மெஷினோடு வருகிறார்களாம், ஒரு பகல் ஒரு ராத்திரியில் முடித்துவிடுகிறார்களாம். என் காட்டில் எவனாவது கால் வைக்கட்டும், அந்தக் காலை அங்கேயே புதைப்பேன்.

சங்கத்துக் காகிதம் செப்டம்பரில் வருமாம். உடம்பு பத்திரம்.

தோகுஜி


ஒசாகா, செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

குளவி கொட்டிய இடத்தில் எரிச்சல் போயிற்றா? இங்கே எல்லோரும் சுகம். பதில் எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, வேறு ஒன்றுமில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். சங்கத்தில் எல்லோரும் பச்சைச் சட்டையா போடுவார்கள்? அந்த நட்சுமே தவிர ஆண்களும் வேலை பார்க்கிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

பேரீச்சை ஜெல்லி அனுப்புகிறேன். இவாவோவிடம் வம்புக்குப் போகாதே.

கினுயோ


இச்சிநோசே, செப்டம்பர் 18

அக்கா,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. காடுதான் செத்துவிட்டது.

பதினாறாம் தேதி மலைச்சாமி நாள். உனக்கே தெரியும், அன்று அந்தப் பெண்தெய்வம் மரங்களை எண்ணுவாள், உள்ளே இருக்கிற மனுஷனையும் மரமாகச் சேர்த்து எண்ணிவிடுவாள். இந்த ஊரில் ஒரு நாய்கூட அன்று மலை ஏறாது. நாங்கள் எல்லோரும் ஊர்க்கூடத்தில் சாராயமும் மீனும் படைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் போனேன்.

மேல்பாதியில் ஒரு மரம் இல்லை. ஒன்றே ஒன்று இல்லை அக்கா. அறுபது வயதுத் தேவதாருக்கள், அப்பா முதுகில் சுமந்து ஏற்றிய கன்றுகள். அடிக்கட்டையெல்லாம் ஈரம். மெஷின் போன வழியில் சரிவைக் குடைந்து மண்ணை ஓடையில் தள்ளியிருக்கிறார்கள். தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. ஒரு கட்டையின் மேல் எவனோ சாப்பிட்டுவிட்டுப் போட்ட சோற்று டப்பா. நான் அந்தக் கட்டையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

போலீஸ் வந்தது. "எல்லைக் குழப்பமா இருக்கும். யார்னு தெரியாம யார் மேல எழுதுறது?" என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தெரியும் யார் என்று. யோசித்துப் பார். வெளியூர்க்காரனுக்கு மலைச்சாமி நாள் எது என்று எப்படித் தெரியும்? அன்றைக்குக் காட்டில் ஈ காக்கை இருக்காது என்று இந்த ஊர்க்காரன்தானே சொல்லியிருக்க வேண்டும்? இன்னொன்று கேள். எல்லாவற்றையும் வெட்டியவன், எல்லை ஓரத்துப் பதினோரு சைப்ரசை மட்டும் தொடவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பதினொன்றும் யாருக்கு வேண்டும்? கூட்டத்தில் அன்று இவாவோ மத்தியானமே எழுந்து போய்விட்டான். வயிற்று வலியாம்.

நான் கை கட்டிக்கொண்டு இருக்கப்போவதில்லை.

தோகுஜி


ஒசாகா, செப்டம்பர் 23
(எழுதி, அனுப்பாமல் தையல் பெட்டிக்குள் வைத்தது)

தம்பி,

அது இவாவோ இல்லை. நான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஒரு ஆள் வந்தான். பச்சைச் சட்டை, கையில் நம் மலையின் வரைபடம், ஒரு டப்பா இனிப்பு. சங்கத்தின் சார்பில் வருகிறேன் என்றான். என்னைப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதி எழுதிக் காட்டினான். காது கேட்காதவளிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை. நீ சொன்ன காகிதம்தான் என்று நினைத்து மூன்று இடத்தில் முத்திரை வைத்தேன். படித்துப் பார்க்கவில்லை. உனக்கு உதவி செய்கிறேன் என்ற சந்தோஷம்.

போகும்போது, ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவில்லாமல் எப்போது வேலை செய்யலாம் என்று எழுதிக் கேட்டான். அவனுடைய ஆட்களுக்குக் கெடுதல் வரக்கூடாதே என்று, "செப்டம்பர் பதினாறு மட்டும் வேண்டாம், மலைச்சாமி நாள், ஊரில் யாருமே அன்று காட்டுக்குள் போகமாட்டார்கள்" என்று நானே எழுதிக் கொடுத்தேன். எல்லையில் பதினோரு சைப்ரஸ் மேல் தகராறு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், என் தம்பி கோபக்காரன் என்றும் எழுதினேன். அந்தத் தாளைக் கவனமாக மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி சங்கத்திலிருந்து உண்மையான உறை வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருந்தால் நாலு நாள் இருந்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். உன் முகம் கண் முன்னால் வந்தது. களை வெட்டியவன் நீ, கொடுத்தவள் நான். இதை நான் எப்படி


ஒசாகா, செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் தாமதம். என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. மரம் போனால் மறுபடி நடலாம். நீ நன்றாக இருந்தால் போதும்.

கண்ணால் பார்க்காமல் ஒருத்தன் மேல் பழி போடாதே. வெளியாட்களுக்கும் எப்படியாவது தெரிந்திருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

கினுயோ


இச்சிநோசே, அக்டோபர் 19

அக்காவுக்கு,

உனக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே குளிர் இறங்கிவிட்டது.

"மறுபடி நடலாம்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் கடிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டேன். எனக்கு இன்னொரு அறுபது வருஷம் இருக்கிறதா? நீ ஊரைவிட்டுப் போனவள், உனக்கு அது மரம்.

ஒன்பதாம் தேதி இவாவோவை அடித்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவன் காளான் வளர்க்கும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மண்வெட்டிப் பிடியோடு போய் நின்றேன். "சொல்லுடா, எவன்கிட்ட வித்த?" என்றேன். "உன் காட்டை வித்துத்தான் நான் கஞ்சி குடிக்கணுமா? போடா, போய் மூஞ்சியக் கழுவு" என்றான். முதல் அடி தோளில். விழவில்லை. ஒரு காளான் கட்டையைத் தூக்கி என் விலாவில் அடித்தான், எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அதற்கப்புறம் நான் பார்த்து அடிக்கவில்லை. கை ஓயும் வரை அடித்தேன். அவன் மனைவி மிட்சுயே ஓடி வந்து வாளித் தண்ணீரை என் மேல் கொட்டியபோதுதான் நிறுத்தினேன். இவாவோவின் முகம் முகமாக இல்லை. இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

போலீசிடம் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கட்டை சரிஞ்சு விழுந்திருச்சு" என்றானாம். மிட்சுயே வாயைத் திறந்தபோது அவளையும் அதட்டியிருக்கிறான். "இது எங்க ரெண்டு வீட்டு விவகாரம், நாங்க பாத்துக்குறோம்." குற்றமில்லாதவன் என்றால் ஏன் புகார் கொடுக்கவில்லை? திருடியவன் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இப்போது கடையில் மிட்சுயேவோடு யாரும் பேசுவதில்லை.

எனக்கு விலா இரண்டு முறிந்திருக்கிறது. சிரித்தால்தான் வலிக்கிறது, அதனால் தொந்தரவில்லை.

தோகுஜி


ஒசாகா, நவம்பர் 4

தம்பி தோகுஜிக்கு,

விலாவில் இறுக்கிக் கட்டுப் போடு. கனமாக எதையும் தூக்காதே.

கண்ணை எடுத்துவிட்டாயே. நான் மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை. நம்மைப் பெற்றவள் மேல் ஆணையாகக் கேட்கிறேன், இதோடு நிறுத்து. இவாவோ வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள். காரணம் கேட்காதே. அக்கா சொல்கிறேன் என்று கேள். அவன் திருடியிருக்கமாட்டான் என்று என் மனசு சொல்கிறது.

மிட்சுயேவோடு நீயாவது பேசு.

கினுயோ


இச்சிநோசே, நவம்பர் 25

அக்கா,

உன் மனசு சொல்கிறதாம்! ஒசாகாவில் உட்கார்ந்துகொண்டு உன் மனசுக்கு இந்த ஊர் எப்படித் தெரியும்? இருமல் இருக்கிறதா, மருந்து சாப்பிடுகிறாயா, அதைச் சொல், போதும்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், தாளைப் பிடிக்க இடது கையில் மூன்று விரல்தான் இருக்கிறது.

பதினான்காம் தேதி பட்டப்பகலில் இவாவோ ஒற்றைக் கண்ணோடு மெஷின் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற செஸ்நட் மரத்தை அறுத்து என் கொட்டகை மேல் சாய்த்தான். கூரை தரைமட்டம், போன் கம்பியும் அறுந்தது. நான் ஓடிப்போய் ரம்பத்தைப் பிடுங்கினேன். ஓடிக்கொண்டிருந்த ரம்பம். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் புல்லில் விழுந்தன.

சொன்னால் சிரிப்பாய், என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன்தான். தன் கழுத்துத் துண்டால் என் கையை இறுக்கிக் கட்டி, லாரியில் தூக்கிப் போட்டு, ஒற்றைக் கண்ணால் மலைப்பாதையில் நாற்பது நிமிஷம் ஓட்டினான். வழியெல்லாம் வாய் ஓயாமல் திட்டு. "கழுதைக்குப் பொறந்தவனே, ஓடுற ரம்பத்தப் புடிப்பானாடா எவனாவது? கண்ண மூடாதடா, செத்துக்கித்துத் தொலைச்சிராத!" ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "ஒரு கண்ணுக்கு ரெண்டு விரல் பத்தாது. அந்தப் பதினோரு மரத்தையும் அறுத்துக்கிட்டுப் போகலேன்னா என் பேரு இவாவோ இல்ல" என்றான்.

வரட்டும். பதினொன்றில் நடுவே நிற்கும் மூன்றை முந்தாநாள் மேல் பக்கத்திலிருந்து முக்கால்வாசி அறுத்து வைத்திருக்கிறேன். ஒற்றைக் கையால் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. வெட்டுவாயில் மண்ணைப் பூசி, மேலே பாசியை ஒட்டிவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. நாலு தட்டுத் தட்டினால் போதும், தட்டியவன் மேலேயே வரும். மலையில் மரம் விழுந்து எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள்?

உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். படித்ததும் இதை எரித்துவிடு.

தோகுஜி


ஒசாகா, நவம்பர் 28
விரைவுத் தபால்

தோகுஜி,

உடனே போய் அந்த மரங்களைக் கீழே தள்ளு. இதைப் படித்து முடிக்கும் முன்னால் போ.

இவாவோ எதுவும் செய்யவில்லை. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் ஆகஸ்டில் வந்தான், சங்கத்து ஆள் என்று நம்பி முத்திரை வைத்துக் கொடுத்தவள் நான். மலைச்சாமி நாளைச் சொன்னதும் நான். பதினோரு சைப்ரசைத் தொடாதே என்று சொன்னதும் நான். திருட்டு நடப்பதற்கு நாலு நாள் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. போலீசிலிருந்து எனக்கும் ஒரு தாள் வந்தது, ஒன்றும் தெரியாது என்று எழுதி அனுப்பினேன். செப்டம்பரில் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் இத்துடன் வைக்கிறேன்.

உன் போன் செத்துக் கிடக்கிறது. மருமகளைச் சங்கத்துக்குப் பேசச் சொன்னேன், இன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. அவளிடம்கூட நான் காரணம் சொல்லவில்லை.

கண்ணுக்கும் விரலுக்கும் நான்தான் பொறுப்பு. என்னை என்ன வேண்டுமானாலும் செய். மரத்தைத் தள்ளு. முதலில் மரத்தைத் தள்ளு.

கினுயோ


டிசம்பர் 6

அக்கா,

உன் உடம்பைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை. நான் இதை நகரத்துக் காவல் நிலையத்திலிருந்து எழுதுகிறேன்.

உன் தபால் முப்பதாம் தேதி காலையில் வந்தது. விரலுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், பஸ் வந்துவிட்டது. நீ மறுபடியும் இவாவோவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதியிருப்பாய் என்று நினைத்துப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் முறை வர நேரம் ஆனது. வேறு வேலையில்லாமல் பிரித்தேன்.

முதல் வரி படித்ததும் எழுந்துவிட்டேன். பாதி அவிழ்த்த கட்டோடு ஓடினேன். பஸ் மத்தியானம்தான். காய்கறி வண்டிக்காரன் ஒருவன் காலில் விழுந்து ஏறிக்கொண்டேன். மற்ற வரிகளை வண்டியில் படித்தேன். உன்னைக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஓடையைத் தாண்டும்போது இவாவோவின் கண்தான் ஞாபகம் வந்தது.

மலைப்பாதை ஆரம்பத்தில் நட்சுமேயின் வெள்ளை டேப் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் மேலே ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, காலையில் என்னைக் கூப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறாள், நான் இல்லை. அந்தப் பெண் பத்து நாளாகத் தினமும் இவாவோ வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் அவன் முத்திரை வைத்துவிட்டான். எல்லை மரங்களுக்கு எண் தகடு அடிக்க இரண்டு பேரும் ஏறியிருக்கிறார்கள்.

பாதி ஏறும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. இவாவோவின் குரல்: "ஆணியப் புடிக்கத் தெரியல, நீயெல்லாம் சங்கத்துல வேலை பாக்குற. தள்ளு, குடு நான் அடிக்கிறேன்."

"இவாவோ! நகருடா! இவாவோ!" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன்.

நட்சுமே நகர்ந்தாள். அவன் நகரவில்லை. நான் அடிக்க வருகிறேன் என்று நினைத்துவிட்டான் அக்கா. சுத்தியலோடு என் பக்கம் திரும்பி, காலை அகட்டி நின்று, "வாடா, வா!" என்றான். நான் கத்திக்கொண்டு வந்து அவன் ஒருநாளும் ஓடியதில்லை. மரம் இடது பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணை நான்தான் எடுத்திருந்தேன்.

நெஞ்சுக்கு மேல் விழுந்தது. நானும் நட்சுமேயும் தூக்கப் பார்த்தோம். அவளுக்குக் கிளை அடித்துத் தோள்பட்டை உடைந்திருந்தது, எனக்கு எட்டு விரல். அவன் வாயில் ரத்தம் வந்தது. என்னையே பார்த்தான். எத்தனை நேரம் உயிர் இருந்தது என்று தெரியாது.

அவன் அடித்துக்கொண்டிருந்த தகட்டை நட்சுமே பிறகு என்னிடம் காட்டினாள். அதில் என் பேர் இருந்தது. பதினோரு மரத்துக்கும் அடிக்கக் கொண்டுவந்த தகடு பதினொன்றிலும் என் பேர்தான். "அந்தக் கழுதை பேர்லயே எழுதிடும்மா, காடு மொட்டையாப் போனப்புறம் அவனுக்கு வேற என்ன இருக்கு" என்று சொன்னானாம்.

வெட்டி வைத்தது நான் என்று போலீசிடம் சொல்லிவிட்டேன். உன் இரண்டு கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். உன்னிடமும் வருவார்கள். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, அது என் பாடு.

ஆனால் மிட்சுயே தன் புருஷன் நம் மரத்தைத் திருடினான் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் அவனை எரித்தாள். சாவுக்குக்கூட ஊரில் பாதிப்பேர் போகவில்லையாம். இப்போது அவன் திருடவில்லை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? கொன்றவன் பேச்சு அது. நீ போய்ச் சொல்ல வேண்டும். கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல், அப்புறம் அவள் வீட்டு வாசலில் போய்ச் சொல். அவள் அடித்தால் நின்று வாங்கிக்கொள்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. வா.

தோகுஜி